ஸ்மித் அண்ட் வெசன் 686: வரி வெட்டிய டிரிக்கரை மாற்றுவதா, வழவழப்பாக்குவதா?

பாலைமணல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் அரிசோனாவில் வசிக்கிறேன். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றிலிருந்து ஸ்மித் அண்ட் வெசன் 686-4 ரிவால்வர் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். ஆறு அங்குலக் குழல், ஆறு தோட்டாக்கள் கொள்ளும் சிலிண்டர், .357 மேக்னம். முன்பு வைத்திருந்தவர் அதைக் குறி பார்த்து நிதானமாகச் சுடும் இலக்குப் பயிற்சிக்கே பயன்படுத்தினார் என்று கடைக்காரர் சொன்னார். டிரிக்கரைப் பார்த்தாலும் அது புரிகிறது: ஏறத்தாழ அரை அங்குல அகலம், முகம் முழுவதும் மேலிருந்து கீழாக வெட்டிய வரிகள்.

நான் கிளப்பில் நடக்கும் ரிவால்வர் போட்டிகளில் கலந்துகொள்கிறேன். அங்கே சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திச் சுட நேரம் இருக்காது. டிரிக்கரை ஒரே இழுப்பாக இழுத்துச் சுடும் டபுள் ஆக்‌ஷன்தான் எல்லாம். ஒரு போட்டி முடிவதற்குள் ஆள்காட்டி விரலின் நுனிச் சதை சிவந்து எரியத் தொடங்கிவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை, விரல் மெல்ல நழுவிச் செல்ல வேண்டிய கட்டத்தில் வரிகள் தோலைப் பிடித்துக்கொள்வதால், சுத்தி விழுவதற்குச் சற்று முன் குழல் வலப்பக்கமாக அசைகிறது.

இணையத்தில் பழைய பாகங்கள் விற்பவர்களிடம், அகலம் குறைந்த வழவழப்பான 'காம்பாட்' டிரிக்கர் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கி வீட்டிலேயே நானே மாற்றிவிட முடியுமா? கடையில் அளந்தபோது இழுவிசை ஏறத்தாழ 12 பவுண்டு காட்டியது. டிரிக்கரை மாற்றினால் அதுவும் குறையுமா? இந்த ரிவால்வரை நான் போட்டிக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன். வீட்டுப் பாதுகாப்புக்கு வேறு ஆயுதம் இருக்கிறது.

இரும்புப்பட்டறை எழுதிய பதில்:

நண்பருக்கு வணக்கம். உங்கள் கேள்வியில் இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் பாதி வழி தெளிந்துவிடும். விரல் எரிவதும் குழல் அசைவதும் டிரிக்கரின் முகத்தைச் சார்ந்தவை. 12 பவுண்டு என்பது ஸ்பிரிங்குகளையும் உள்ளே பாகங்கள் ஒன்றோடொன்று உரசுவதையும் சார்ந்தது. டிரிக்கர் என்ற துண்டை மட்டும் மாற்றினால் இரண்டாவது சிக்கலில் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் வராது.

ஸ்மித் அண்ட் வெசனின் கே, எல், என் என்ற அளவுகளில் வரும் சட்டங்களில் (ஃபிரேம் எனப்படும் உடல்பகுதி), கைப்பிடிக்குள் நிமிர்ந்து நிற்கும் தட்டையான மெயின் ஸ்பிரிங் சுத்தியைத் தள்ளுகிறது. உங்கள் 686 எல் சட்டத்தைச் சேர்ந்தது. டிரிக்கரை முன்னுக்குத் திருப்பிக் கொண்டுவருவது, அதன் பின்னால் இருக்கும் ரீபவுண்ட் ஸ்லைடு என்ற கட்டையும் அதனுள் இருக்கும் சுருள் ஸ்பிரிங்கும். நீங்கள் டபுள் ஆக்‌ஷனில் இழுக்கும்போது இந்த இரண்டு ஸ்பிரிங்குகளையும் ஒரே நேரத்தில் அமுக்குகிறீர்கள். கூடவே சிலிண்டரையும் சுழற்றுகிறீர்கள். விரலுக்குத் தெரியும் எடை இவை அனைத்தும் சேர்ந்தது.

இனி முகத்துக்கு வருவோம். வரி வெட்டிய அகலமான டிரிக்கர் சிங்கிள் ஆக்‌ஷனுக்காக வந்தது. சுத்தியை முன்பே பின்னுக்கு நிறுத்திவிட்டால் மூன்று நான்கு பவுண்டு அழுத்தம் போதும். விரல் ஓரிடத்தில் அசையாமல் இருக்க வேண்டும், அதற்கு வரிகள் உதவுகின்றன. டபுள் ஆக்‌ஷனில் டிரிக்கர் ஒரு வளைவில் நெடுந்தூரம் பின்னோக்கி வருகிறது. விரலும் மடங்கிக்கொண்டே போகிறது. ஆகவே விரல் நுனி டிரிக்கரின் குறுக்கே கொஞ்சம் நகர்ந்தே தீரும். மேலிருந்து கீழாக வெட்டிய வரிகள் சரியாக அந்தக் குறுக்கு நகர்வைத்தான் தடுக்கின்றன. நகர முடியாத விரல் துப்பாக்கியையே தன்னோடு இழுக்கிறது. நீங்கள் சொல்லும் அசைவுக்குக் காரணம் இதுவே என்று நினைக்கிறேன்.

ஆகவே என் கருத்து: வேறு டிரிக்கரை வாங்காதீர்கள். உங்களிடம் இருக்கும் டிரிக்கரின் முகத்தில் உள்ள வரிகளை நீக்கி, இரு ஓரங்களையும் உருட்டி, மெருகேற்றிக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாக டபுள் ஆக்‌ஷன் சுடுபவர்கள் செய்துவரும் வேலை இது. இதன் பெரிய நன்மை, உங்கள் ரிவால்வருக்கென்று ஆலையில் பொருத்தப்பட்ட அதே டிரிக்கர் அதே இடத்தில் இருக்கும் என்பதுதான். சுத்தியைத் தாங்கும் முனையையும், சிலிண்டரைப் பூட்டி விடுவிக்கும் கொக்கியையும் யாரும் தொடப்போவதில்லை.

டிரிக்கரைக் கழற்றியபின், மேல் பகுதி முழுவதையும் கெட்டியான டேப்பால் சுற்றி மூடிவிட வேண்டும். முகத்தை மட்டும் நீரில் நனைத்த உப்புத்தாளால், 220இல் தொடங்கி 400, 600 என்று படிப்படியாகத் தேய்க்க வேண்டும். மேல்பரப்பு கடினப்படுத்தப்பட்ட எஃகு என்பதால் சாதாரண அரம் வழுக்கும், பொறுமை வேண்டும். சுழலும் கருவி பயன்படுத்தினால், விரலால் தொட முடியாத அளவுக்குச் சூடு ஏற விடாமல் அடிக்கடி நீரில் முக்குங்கள். சூடு மேலே ஏறினால் சுத்தியைத் தாங்கும் முனையின் கடினம் போய்விடும். பார்வைக்கு அது தெரியவும் தெரியாது.

உருளைமணி எழுதிய பதில்:

மேலே எழுதியவர் சொன்ன முடிவை நானும் வழிமொழிகிறேன். டிரிக்கரை மாற்றுவது ஏன் எளிய வேலை அல்ல என்பதை மட்டும் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். துப்பாக்கி பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்பவன் என்ற முறையில், 'இணையத்தில் வாங்கினேன், போட்டேன், இப்போது சரியாக இல்லை' என்று வருபவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

முதலில் தலைமுறைப் பொருத்தம். 1997ஐ ஒட்டி இந்த நிறுவனம் டிரிக்கரையும் சுத்தியையும் உலோகத் தூளை அச்சில் செலுத்திச் சூளையில் இறுக்கும் எம்.ஐ.எம். முறைக்கு மாற்றியது. 686-5 அந்த மாற்றத்தோடு வந்தது. உங்கள் 686-4 அதற்கு முந்தையது. அடித்து உருவாக்கிய எஃகில் செய்த பழைய வகைப் பாகங்கள் அதில் இருக்கின்றன. சுத்தியைப் பாருங்கள்: தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமரைக் குத்தும் ஊசி சுத்தியின் மூக்கிலேயே இருந்தால் பழைய வகை, சுத்தி தட்டையாக இருந்து ஊசி சட்டத்துக்குள் இருந்தால் புதிய வகை. டிரிக்கரைக் கையில் எடுத்தால் அதன் பின்புறம் குடைந்தாற்போல் இருப்பது எம்.ஐ.எம். பழைய சுத்தியோடு புதிய டிரிக்கரை இணைப்பது வேண்டவே வேண்டாம். விற்பவர் போடும் படத்தில் பெரும்பாலும் முகம் மட்டுமே தெரியும். எந்த வகை என்பது தெரியாது.

வகை சரியாக இருந்தாலும் வேலை முடிந்துவிடாது. டபுள் ஆக்‌ஷனில் டிரிக்கரின் முனை முதலில் சுத்தியின் முன்னால் உள்ள சிறு நாக்கைத் தூக்குகிறது. பாதி வழியில் அந்த நாக்கை விட்டுவிட்டுச் சுத்தியின் அடிப்பகுதியை நேரடியாகத் தள்ளுகிறது. கை மாறும் அந்த இடம் வழுவழுப்பாக இருப்பதும் தடுக்குவதும் நூலிழை அளவுகளைப் பொறுத்தது. அதே டிரிக்கரில்தான் சிலிண்டரைத் தள்ளும் 'ஹேண்ட்' என்ற சிறு தண்டும் கோக்கப்பட்டிருக்கிறது; அதன் முன்புறக் கொக்கிதான் சிலிண்டர் பூட்டை இறக்கி விடுகிறது. வேறொரு ரிவால்வருக்காகப் பொருத்திய டிரிக்கரைக் கொண்டுவந்து வைத்தால், சிலிண்டர் பூட்டிக்கொள்வதற்கு முன்பே சுத்தி விழும் நிலை வரலாம். அப்படி விழுந்தால் சிலிண்டரில் தோட்டா இருக்கும் அறையும் குழலும் நேர்கோட்டில் இல்லாமலே தோட்டா வெடிக்கும்; ஈயத்தைச் சீவிப் பக்கவாட்டில் துப்பும்.

உங்களுடையதைப் போன்ற இலக்கு ரிவால்வர்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுத்தி விழுந்தபின் டிரிக்கர் மேலும் பின்னுக்குப் போகாமல் தடுக்க, ரீபவுண்ட் ஸ்பிரிங்குக்குள் ஒரு சிறு கம்பியை வைத்திருப்பார்கள். அது பழைய டிரிக்கரின் அளவுக்கு வெட்டப்பட்டது. புதிய டிரிக்கருக்கு அந்தக் கம்பி ஒரு மயிரிழை நீளமாகிவிட்டால், ஆறு அறைகளில் ஐந்தில் சுத்தி விழும். ஆறாவதில் டிரிக்கர் முட்டி நின்றுவிடும். போட்டியில் இது நேர்ந்தால் நேரம் போகும். உயிரைக் காக்க வேண்டிய இடத்தில் நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

டிரிக்கரைக் கழற்றி மெருகேற்றப் போகிறீர்கள் என்றாலும் பக்கத் தகட்டைத் திறந்தாக வேண்டும். முதலில் சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளையும் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வீட்டின் வேறோர் அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். திருகுகளுக்குச் சரியாகப் பொருந்தும், பக்கங்கள் இணையாகத் தீட்டிய திருப்புளி வேண்டும். எந்தத் திருகு எந்தத் துளையிலிருந்து வந்தது என்பதைக் குறித்து வையுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அவற்றை மாற்றிப் போடக் கூடாது. தகட்டை நெம்பித் திறக்காதீர்கள். கைப்பிடிச் சட்டத்தை ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் தொடர்ந்து தட்டினால், அந்த அதிர்வில் தகடு தானே மேலெழும். நெம்பியவர்களின் ரிவால்வரில் தகட்டின் விளிம்பு சிதைந்து, வாழ்நாள் முழுவதும் ஒரு பிளவு தெரிந்துகொண்டே இருக்கும்.

மறுபடி மூடும்போது 'ஹேமர் பிளாக்' என்ற மெல்லிய தகட்டுக் கம்பியை விட்டுவிடாதீர்கள். பக்கத் தகட்டில் வெட்டிய பள்ளத்துக்குள், ரீபவுண்ட் ஸ்லைடில் உள்ள ஊசியோடு அது சேர வேண்டும். அது இல்லாமலும் ரிவால்வர் குறையின்றிச் சுடும் என்பதுதான் ஆபத்து. 1944இல் ஒரு கப்பலின் எஃகுத் தளத்தில் இந்நிறுவனத்தின் விக்டரி மாடல் ரிவால்வர் ஒன்று கீழே விழுந்து வெடித்து, மாலுமி ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகே இந்தத் தடுப்பை இப்போதுள்ள வடிவில் சேர்த்தார்கள். மூடியபின், காலியான ரிவால்வரில் டிரிக்கரை மெதுவாக இழுத்து விட்டு, சுத்திக்கும் சட்டத்துக்கும் இடையே அந்தக் கம்பி இறங்கி ஏறுவதைக் கண்ணால் பாருங்கள். பார்க்காமல் தோட்டா நிரப்பாதீர்கள்.

செவ்வானம் எழுதிய பதில்:

எடையைக் குறைப்பது பற்றி இருவரும் சுருக்கமாகவே சொல்லியிருப்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன். இந்தச் சட்டத்துக்கு வுல்ஃப், வில்சன் காம்பாட் போன்ற நிறுவனங்கள் விற்கும் ஸ்பிரிங் தொகுப்புகள் போதும். மெயின் ஸ்பிரிங் மெல்லியதாக வரும். ரீபவுண்ட் ஸ்பிரிங் பல எடைகளில் வரும். ஆலையிலிருந்து வருவது 18 பவுண்டு ஸ்பிரிங். பலர் 14, 15 பவுண்டு வரை இறங்குகிறார்கள். அதற்கும் கீழே போக நான் பரிந்துரைக்க மாட்டேன். இழுப்பது லேசாகிறதே என்று மகிழ்கிறோம்; ஆனால் டிரிக்கர் முன்னுக்குத் திரும்புவது அந்த ஸ்பிரிங்கால்தான். அது தளர்ந்தால், வேகமாகச் சுடும்போது டிரிக்கர் முழுவதும் திரும்புவதற்குள் விரல் மறுபடி இழுத்துவிடுகிறது. சிலிண்டர் ஓர் அறையைத் தாண்டிவிடுகிறது, அல்லது டிரிக்கர் செத்ததுபோல் கிடக்கிறது. 1999இல் ரிவால்வர் போட்டி வீரர் ஜெரி மிக்குலெக் ஆறு சுட்டு, மாற்றி நிரப்பி, மறுபடி ஆறு சுட்டு 2.99 நொடியில் முடித்தார். அந்த வேகத்துக்கு விரல் எவ்வளவு வேண்டுமோ, அதே அளவுக்கு டிரிக்கர் உடனே திரும்பி வருவதும் வேண்டும்.

மெயின் ஸ்பிரிங்குக்கு எல்லை வகுப்பது பிரைமர். சுத்தி எவ்வளவு வலுவாக விழ வேண்டும் என்பதைத் தோட்டாவின் அடியில் இருக்கும் அந்தச் சிறு கிண்ணம்தான் முடிவு செய்கிறது. ஃபெடரல் நிறுவனத்தின் பிரைமர் மென்மையானது, சி.சி.ஐ. நிறுவனத்தினுடையது கடினமானது. எட்டு ஒன்பது பவுண்டுக்கு இறக்கிய ரிவால்வர் ஃபெடரலில் தவறாமல் வெடித்துவிட்டு, கடையில் வாங்கும் வேறு தோட்டாவில் 'க்ளிக்' என்று நின்றுவிடலாம். கையால் தோட்டா நிரப்புகிறவர்கள் பிரைமரை அடிவரை அழுத்தி உட்கார வைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். மேலே துருத்திக்கொண்டிருந்தால், சுத்தியின் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும்.

கைப்பிடியின் முன்பக்கம் அடியில், மெயின் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்திருக்கும் ஸ்ட்ரெயின் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி எடையைக் குறைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். ஒவ்வொரு குண்டின் அதிர்விலும் அது மேலும் தளரும்; ஒரு நாள் சுத்தி வலுவிழந்து விழும். அது எப்போதும் முழுவதும் இறுகியே இருக்க வேண்டும்.

பாலைமணல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டிரிக்கர் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். சுத்தியைப் பார்த்தேன், ஊசி அதன் மூக்கிலேயே இருக்கிறது. இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. என் டிரிக்கர் வெள்ளிபோல் பளபளக்கிறது. தேய்த்தால் அந்த நிறம் போய்விடுமா? அடுத்து, உள்ளே இருக்கும் முனைகளையும் சேர்த்தே மெருகேற்றிவிடலாமா? சில காணொளிகளில் அப்படித்தான் காட்டுகிறார்கள்.

உருளைமணி எழுதிய பதில்:

நிறம் பெரும்பாலும் போகும். இந்தக் காலத்து 686களில் டிரிக்கரும் சுத்தியும் துருப்பிடிக்காத எஃகு அல்ல. கடினப்படுத்திய எஃகின்மேல் மெல்லிய குரோம் பூச்சு. முகத்தைத் தேய்த்தால் பூச்சு போய்ச் சற்றுக் கருத்த எஃகு தெரியும். செயலுக்கு அதனால் குறை இல்லை. விரல் வியர்வை படும் இடம் என்பதால் சுட்டு முடித்ததும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள்.

உள்முனைகள் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன்: தொடாதீர்கள். கடினப்படுத்திய தோல் மிக மெல்லியது. அதைத் தேய்த்து ஊடுருவிவிட்டால் அடியில் மென்மையான எஃகு. சிறிது நாள் அருமையாக இருந்துவிட்டுப் பிறகு தேயத் தொடங்கும். முனையின் கோணம் சிறிது மாறினாலும், பின்னுக்கு நிறுத்திய சுத்தி தானே விழக்கூடும். வீட்டில் செய்யத்தக்க மெருகு ஒன்று இருக்கிறது: ரீபவுண்ட் ஸ்லைடின் அடிப்பக்கமும் சட்டத்தோடு உரசும் பக்கமும். அங்கே ஆலையின் அரத் தடங்கள் இருந்தால், தட்டையான நுண்கல்லில் சில இழுப்புகள் இழுத்து முகடுகளை மட்டும் நீக்கலாம். ஓரங்களை உருட்டக் கூடாது. பெரும்பாலான 'கரகரப்பு' அங்கிருந்துதான் வருகிறது.

எல்லாம் முடிந்தபின், காலியான ரிவால்வரின் சுத்தியைப் பின்னுக்கு நிறுத்தி, டிரிக்கரைத் தொடாமல், சுத்தியின் பின்புறத்தைக் கட்டைவிரலால் முன்னோக்கி உறுதியாகத் தள்ளுங்கள். விழவே கூடாது. விழுந்தால் சுடாமல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அடுத்து, சிலிண்டரை ஒரு விரலால் லேசாகத் தடுத்துக்கொண்டு சுத்தியை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சுத்தி நிற்பதற்குள் சிலிண்டர் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். இதை ஆறு அறைகளிலும் செய்ய வேண்டும். ஐந்து சரியாக இருப்பதால் ஆறாவதும் சரியாக இருக்கும் என்று நம்பக் கூடாது.

நெல்லைச்சாரல் எழுதியது:

நான் தமிழ்நாட்டில் இருக்கிறேன். உரிமத்தின் பேரில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் வைத்திருக்கிறேன். அதன் டிரிக்கர் மிகவும் கடினமாக இருக்கிறது. இங்கே சொன்னவை அதற்கும் பொருந்துமா?

இரும்புப்பட்டறை எழுதிய பதில்:

பொருந்தாது ஐயா, இரண்டு காரணங்களால். உங்களுடையது பழைய வெப்ளியின் வழிவந்த, நடுவே மடிந்து திறக்கும் அமைப்பு; உள்ளே இருக்கும் பாகங்கள் வேறு. அதைவிட முக்கியமானது சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிய உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைத் தயாரிப்பதை மட்டுமன்றி, மாற்றியமைப்பதையும் பழுது பார்ப்பதையும்கூடத் தடுக்கிறது. வைத்திருப்பதற்கு உங்களுக்குள்ள உரிமம் அந்த வேலைக்கான உரிமம் ஆகாது. உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, உள்ளே எண்ணெய்க் கசடும் பழைய கிரீசும் இறுகியிருக்கின்றனவா என்று முதலில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நெடுநாள் பெட்டியில் இருந்த ரிவால்வர்களில் கனத்துக்கு அதுவே காரணமாக இருப்பதுண்டு.

கனமான இழுப்பைக் குறை என்றே கொள்ள வேண்டியதும் இல்லை. பிரிட்டிஷ் ராணுவம் 1938இல் என்ஃபீல்டு எண் 2 ரிவால்வரின் சுத்தி நுனியை வெட்டி, டபுள் ஆக்‌ஷனில் மட்டும் சுடும்படி மாற்றியது. டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது அந்த நுனி எங்காவது மாட்டிக்கொள்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். லாஸ் ஏஞ்சலஸ் காவல் துறையும் தன் ரிவால்வர்களில் சிங்கிள் ஆக்‌ஷனை நீக்கியது; பதற்றத்தில் இருப்பவரின் கையில் மூன்று பவுண்டு டிரிக்கர் வேண்டாம் என்பதே அதற்குப் பின்னிருந்த எண்ணம். பாதுகாப்புக்காக வைத்திருப்பதை ஆலை தந்த எடையிலேயே விட்டுவிடுங்கள்.

செவ்வானம் எழுதிய பதில்:

பாலைமணல் அவர்களுக்கு ஒரு சிறு சேர்க்கை. முகத்தை மெருகேற்றுவதையும் ஸ்பிரிங் மாற்றுவதையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். முதலில் முகம், அதோடு சில போட்டிகள் சுட்டுப் பாருங்கள். விரல் நழுவத் தொடங்கியதும் 12 பவுண்டு அவ்வளவு கனமாகத் தெரியாமல் போகலாம். அப்போதும் வேண்டும் என்றால் ரீபவுண்ட் ஸ்பிரிங்கை மட்டும் 15க்கு மாற்றுங்கள். மெயின் ஸ்பிரிங் கடைசியாக இருக்கட்டும். அதை மாற்றினால், நீங்கள் போட்டியில் சுடும் அதே தோட்டாவில் குறைந்தது நூறு டபுள் ஆக்‌ஷனில் சுட்டு, ஒன்றுகூட வெடிக்காமல் நிற்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே களத்துக்குக் கொண்டுபோங்கள்.